ஓய்ந்தும் தீராத களைப்பு

பகல் முழுவதும் தறிக்குழியில் அமர்ந்து மிதித்தவர்க்கும், சேற்றில் குனிந்து நாற்று நட்டவர்க்கும் களைப்பு என்பது புதிய பொருளன்று. இரவு உண்டு, உறங்கி எழுந்தால் அது போய்விடுகிறது. போய்விடுகிற காரணத்தினாலேயே அதை நாம் நோயென்று எண்ணுவதில்லை. ஆனால் உறங்கி எழுந்த பின்னும் போகாத களைப்பு ஒன்று உண்டு. மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் நின்று, ஓடியாடி வேலை செய்தவரைக் கட்டிலோடு கட்டிப்போடும் களைப்பு அது. வைத்திய உலகம் அதை நாட்பட்ட களைப்பு நோய் என்று வழங்குகிறது. இதைப் பற்றி நமது அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியம் என்று கருதி இதனை எழுதுகிறோம். நாமே இதில் ஒரு தவறு இழைத்தோம் என்பதும் எழுதுவதற்கு ஒரு காரணம்.

நமக்குப் பழக்கமான நெசவாளர் இல்லம் ஒன்றில் நிகழ்ந்தது இது. அவ்வில்லத்து அம்மையார் நாற்பது வயதுக்கு உட்பட்டவர். தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, வீட்டு வேலை ஆகிய மூன்றையும் தனியொருவராகத் தாங்கி வந்தவர். ஒரு மழைக்காலத்தில் கடுமையான காய்ச்சல் கண்டது. பத்து நாளில் காய்ச்சல் தணிந்தது. களைப்பு மட்டும் தணியவில்லை. சில நாட்களில் உடல் சற்றுத் தெளிவாக இருக்கும். அன்று தேங்கிக் கிடந்த வேலைகளையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடுவார். மறுநாளோ, அதற்கும் மறுநாளோ எழுந்திருக்க மாட்டாமல் படுத்துவிடுவார். "முந்தாநாள் நன்றாகத்தானே ஓடியாடினாள், இன்றைக்கு மட்டும் என்ன வந்தது?" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நம்மிடம் யோசனை கேட்டபோது நாமும் அறிந்தவர்போல் விடை சொன்னோம். "படுத்தே கிடந்தால் உடம்பு இன்னும் தளர்ந்துவிடும். விடியற்காலையில் எழுந்து ஏரிக்கரை வரை நடந்து வாருங்கள், நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டுங்கள்" என்றோம். அவர் சொன்னபடியே செய்தார். பத்து நாள் நடந்தார். பதினோராம் நாள் படுத்தவருக்கு, அடுத்த இரண்டு மாதம் கொல்லைப்புறம் செல்லவும் ஒருவர் கை கொடுக்க வேண்டியதாயிற்று.

நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனை ஏன் இவ்வாறு முடிந்தது என்று அறிய முற்பட்டபோதுதான், இதே தவறு நம் ஊரில் மட்டுமன்றி மிகப் பெரிய அளவில் இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது என்பதைக் கண்டோம்.

1955-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லண்டன் நகரத்து ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு விந்தையான நோய் பரவிற்று. டாக்டர்கள், தாதியர், சிப்பந்திகள் என அங்கு பணிபுரிந்தவர்களே பெரும்பாலும் அதற்கு இலக்கானார்கள். மொத்தம் 292 பேர். முன்பே அங்குப் படுத்திருந்த நோயாளிகளுள் 12 பேரை மட்டுமே அது தொட்டது. ஜூலை இறுதியில் மூடப்பட்ட மருத்துவமனை அக்டோபரில்தான் திறந்தது. தலைவலி, தொண்டைவலி, தசைவலி, தலைசுற்றல் இவற்றோடு, சிறிது உழைத்தாலும் உடல் சோர்ந்துவிடும் தன்மை காணப்பட்டது. மறு ஆண்டு லண்டன் மருத்துவ ஏடான ‘லான்செட்’ இந்நோய்க்கு மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ் என்னும் பெயரைச் சூட்டிற்று. தசைவலியோடு கூடிய மூளை, தண்டுவட அழற்சி என்று அதற்குப் பொருள் கூறலாம். உலக சுகாதார நிறுவனம் 1969-இல் இதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது.

ஆயின் அடுத்த ஆண்டே வழி மாறிற்று. 1970-இல் இரு மனநோய் மருத்துவர்கள், நோயுற்றவர்களை நேரில் பாராமல் பழைய குறிப்பேடுகளை மட்டும் புரட்டிப் பார்த்து, லண்டனில் நிகழ்ந்தது கூட்டமாகக் கிளம்பிய மனக்கலக்கமே என்று எழுதினார்கள். நோயுற்றவருள் பெண்கள் அதிகமாக இருந்ததையும் அதற்கு ஓர் ஆதாரமாகக் காட்டினார்கள். நம் தெருப் பேச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, அது அச்சிலேறியது என்பது ஒன்றுதான். அச்சிலேறியதை மாற்றுவதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அமெரிக்க நாட்டில் நெவாடா மாகாணத்து ஏரிக்கரை ஊர் ஒன்றில் 1984, 1985 ஆண்டுகளில் இதைப் போன்றதொரு நோய் பரவியபின், 1988-இல் அந்நாட்டினர் இதற்கு நாட்பட்ட களைப்பு நோய் என்று பெயரிட்டனர். இப்பெயர் நோயாளிகளுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்தது என்பது நமது எண்ணம். களைப்பு என்றதும், "எனக்கும்தான் களைப்பாக இருக்கிறது" என்று சொல்லாதவர் யார்? இப்போது இரு பெயர்களையும் சேர்த்தே எழுதுவது வழக்கமாகியிருக்கிறது.

இனி இந்நோயின் அடையாளங்களுக்கு வருவோம். 2015-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் இவற்றை வரையறுத்தது. முன்பு செய்துவந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்ய மாட்டாத களைப்பு ஆறு மாதத்திற்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அது ஓய்வினால் பெரிதும் குறையாததாக இருக்க வேண்டும். உறங்கியும் உறங்காதது போன்ற நிலை இருக்க வேண்டும். இவற்றோடு, நினைவும் சிந்தனையும் மந்தமாதல், நின்றாலோ உட்கார்ந்தாலோ தலைசுற்றிப் படுத்தால் தெளிதல் ஆகிய இரண்டில் ஒன்றேனும் காணப்படும். இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. உழைப்புக்குப் பின் வரும் வீழ்ச்சி அது.

இவ்வீழ்ச்சியின் தன்மையைச் சற்று விரிவாக விளக்க வேண்டும். ஆரோக்கியமானவர் அதிகமாக உழைத்தால் அன்றே களைப்படைகிறார், மறுநாள் எழுகிறார். இந்நோயுற்றவருக்கோ உழைத்த வேளையில் பெரிய கேடு ஒன்றும் தெரிவதில்லை. ஒரு நாளோ இரண்டு நாளோ கழிந்த பிறகே தண்டனை வந்து சேருகிறது. களைப்பு மட்டுமன்று; தொண்டைவலி, காய்ச்சல் போன்ற உணர்வு, உடல் முழுதும் வலி, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாத மந்தம் யாவும் சேர்ந்து வரும். அது நாட்கணக்கிலும் நீடிக்கும், வாரக்கணக்கிலும் நீடிக்கும். உழைப்பு என்றால் உடலுழைப்பு மட்டுமன்று. வரவு செலவுக் கணக்குப் பார்ப்பதும், உறவினர் கூட்டத்தில் நெடுநேரம் பேசியிருப்பதும், மனவருத்தமும்கூட இதே விளைவைத் தரக்கூடும். காரணமும் விளைவும் இவ்வாறு நாள் கடந்து நிற்பதால், நோயாளியே இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தவறிவிடுகிறார். அந்த அம்மையார் விஷயத்தில் நாம் தவறியதும் இங்கேதான். முதல் சில நாட்கள் அவர் நடந்ததைக் கண்டு யோசனை பலித்துவிட்டது என்றல்லவா மகிழ்ந்தோம்!

இது கற்பனையன்று. நோயுற்றவரை மிதிவண்டி போன்ற கருவியில் அமர்த்தி, அவர் சுவாசிக்கும் பிராணவாயுவை அளந்து பார்க்கும் சோதனை ஒன்றுண்டு. அதனை அடுத்தடுத்த இரு நாட்களில் செய்தால், ஆரோக்கியமானவர் இரண்டாம் நாளும் ஏறத்தாழ முதல் நாள் அளவையே எட்டுகிறார். இந்நோயுற்றவரின் அளவு இரண்டாம் நாளில் குறைந்துவிடுவதைப் பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. மனத்திடம் இருந்தால் எழுந்துவிடலாம் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்நோய் பலரிடம் ஒரு தொற்று நோய்க்குப் பின் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் டப்போ என்னும் ஊர்ப்புறத்தில் மூவகைக் காய்ச்சல் கண்ட 253 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதத்திற்குப் பின் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்நிலையில் இருந்தார் என்று 2006-இல் வெளியான முடிவுகள் கூறின. யாருக்கு அது வந்தது என்பதை முன்கூட்டிக் காட்டியது, தொடக்கத்தில் கண்ட காய்ச்சலின் கடுமையே ஒழிய, அவரது மனப்போக்கு அன்று. 2020 முதல் உலகெங்கும் பரவிய கொரோனா நோய்க்குப் பிறகு தேறாமல் வாடியவர்களுள் ஒரு பகுதியினரிடமும் இதே அடையாளங்கள் காணப்பட்டன. அதன் பின்னரே ஆராய்ச்சியாளர் பலர் இப்பக்கம் திரும்பினர். ஆண்களைவிடப் பெண்களிடம் இந்நோய் பன்மடங்கு அதிகம். நோயுற்றவருள் நான்கில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு காலத்தில் வீட்டைவிட்டோ படுக்கையைவிட்டோ நீங்க இயலாதவர்களாகிறார்கள்.

ஆயினும் களைப்புற்ற ஒவ்வொருவரும் தமக்கு இந்நோய் வந்துவிட்டதாக முடிவு செய்யலாகாது. நம் நாட்டில் களைப்புக்கு முதற் காரணம் இரத்தச் சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகையுள்ளவர்களாகக் காணப்பட்டனர். தைராய்டு சுரப்பிக் குறைவு, நீரிழிவு, காசநோய், இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, மனச்சோர்வு நோய் ஆகியவையும் களைப்பாகவே முதலில் தலைகாட்டும். இவையெல்லாம் சிகிச்சைக்கு இணங்குபவை. ஆகவே முதலில் டாக்டரிடம் சென்று இரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ள வேண்டும். நாட்பட்ட களைப்பு நோயை உறுதி செய்யத் தனிச் சோதனை எதுவும் இல்லை. பிற நோய்களை விலக்கி, அடையாளங்களை வைத்தே டாக்டர்கள் அதை நிர்ணயிக்கிறார்கள்.

சிகிச்சை விஷயத்தில் இங்கிலாந்து கண்ட அனுபவம் படிப்பினை தருவது. அந்நாட்டின் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் என்னும் அரசு அமைப்பு, 2007-இல், நோயாளியின் உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று பரிந்துரைத்தது. நாம் ஏரிக்கரைக்கு நடக்கச் சொன்னது இதையேதான். 641 நோயாளிகளைக் கொண்டு நடத்திய பெரிய ஆராய்ச்சி ஒன்று 2011-இல் இம்முறையை ஆதரித்தது. குணமடைந்தோர் நூற்றுக்கு 22 பேர் என்று அதன் ஆசிரியர்கள் 2013-இல் எழுதினார்கள். நோயாளிகளோ, "இதனால் எங்கள் நிலை மோசமாயிற்று" என்று முறையிட்ட வண்ணம் இருந்தனர். அவர்களில் ஒருவர் விடாமுயற்சியோடு வழக்காட, 2016-இல் தீர்ப்பாயத்தின் ஆணையால் ஆராய்ச்சியின் மூலக் கணக்குகள் வெளியாயின. ஆராய்ச்சி தொடங்குமுன் வகுத்த அளவுகோலையே கொண்டு மறுபடி கணக்கிட்டபோது, குணமடைந்தோர் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்கினர். சங்கத்துக் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கைக்கு வைக்கிற நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். இறுதியில் 2021 அக்டோபரில் நைஸ் அமைப்பு தன் பழைய பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கட்டாயமாகக் கூட்டிச் செல்லும் பயிற்சியை இந்நோயாளிகளுக்கு அளிக்கலாகாது என்று அறிவித்தது.

அதன் இடத்தில் வைக்கப்பட்டது, தன் சக்திக்குள் அடங்கி வாழ்தல் என்னும் முறை. இது நோயைக் குணப்படுத்தும் என்று எவரும் சொல்லவில்லை. வீழ்ச்சிகளைக் குறைக்கிறது, மேலும் மேலும் நலிவதைத் தடுக்க உதவுகிறது. நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை கண்டுபிடிக்கப்படாமையால், கையில் உள்ள வழிகளில் இதுவே சிறந்தது.

இம்முறையை வரவு செலவாக எண்ணிப் பார்த்தால் எளிது. நோயுற்றவருக்கு நாள்தோறும் கிடைக்கும் சக்தி சொற்பம். அதற்கு மேல் செலவிட்டால் அது கடனாகிறது. அக்கடனுக்குரிய வட்டியோ எந்த லேவாதேவிக்காரனும் கேட்கத் துணியாத வட்டி. ஆகவே முதல் வேலை வரவை அறிவதாகும். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் செய்த வேலை, அதற்கு ஆன நேரம், உறங்கிய நேரம், உடல்நிலை ஆகியவற்றை எழுதிவர வேண்டும். எழுத இயலாதவருக்காகப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் எழுதலாம். பிறகு ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் முன்னிரண்டு நாள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், எந்த வேலை எவ்வளவு நேரம் செய்ததால் வந்தது என்று பெரும்பாலும் புலப்பட்டுவிடும். அரை மணி நேரம் தார் சுற்றினால் கேடு வருகிறது, கால் மணி நேரம் சுற்றினால் வருவதில்லை என்று கண்டால், கால் மணிக்கும் சற்றுக் குறைவாகவே எல்லை வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தபடியாக, களைப்புத் தோன்றியதும் நிறுத்துவது என்றிராமல், தோன்றுமுன்பே நிறுத்தப் பழக வேண்டும். இது சொல்லுக்கு எளிது; உழைத்துப் பழகிய கைகளுக்கு மிகக் கடினம். முழம் நெய்தால் முழத்துக்குக் கூலி என்று வாழ்பவர், கை ஓடிக்கொண்டிருக்கையில் நாடாவைக் கீழே வைப்பாரா? களை பாதி பறித்த பாத்தியை விட்டு எழுந்து வருவாரா? ஆயினும் கடிகாரத்தைப் பார்த்து எழுந்துவிடத்தான் வேண்டும். நல்ல நாள் வரும்போது விட்டதையெல்லாம் பிடித்துவிட எண்ணுவதே இந்நோயில் மிகப் பெரிய ஆபத்து. நல்ல நாளிலும் எல்லை அதே எல்லைதான். பல வாரங்கள் வீழ்ச்சியின்றிக் கழிந்தபின் நோயாளியே விரும்பினால் மிகச் சிறிதளவு கூட்டிப் பார்க்கலாம். வீழ்ச்சி வருமானால் உடனே பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். மணிக்கட்டில் நாடி பார்க்கத் தெரிந்தவர்கள், ஒரு வாரம் காலையில் படுக்கையிலேயே நாடியை எண்ணிச் சராசரி கண்டு, வேலை செய்யும்போது அதற்கு மேல் நிமிடத்துக்குப் 15 துடிப்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் உண்டு. எல்லோருக்கும் இது பொருந்துமென்பதில்லை, சிலருக்குக் கைகொடுக்கிறது.

வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம். குளித்த நாளில் துணி துவைக்க வேண்டாம். காய் நறுக்குவதையும் அரிசி களைவதையும் உட்கார்ந்தே செய்யலாம். கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்துவதும் குடம் சுமப்பதும் மற்றவர்கள் வேலை. குழித்தறியில் இரு கால்களும் இரு கைகளும் ஒருங்கே உழைப்பதால் நோயின் கடுமையான காலத்தில் அதை அறவே விட்டுவிடுவது நலம்.

ஓய்வு என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். படுத்தபடி கைப்பேசியைப் பார்ப்பதும், வானொலி கேட்பதும், வந்தவரோடு பேசுவதும் இந்நோயாளிக்கு ஓய்வாகா. வெளிச்சம் குறைந்த, சந்தடியில்லாத இடத்தில் கண்களை மூடிப் படுத்திருத்தலே ஓய்வு. நான்கு தறி ஓடும் வீட்டில் அமைதிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். பின்கட்டிலோ தோட்டத்துக் கொட்டகையிலோ ஒரு மூலையை ஒதுக்கிக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். களைத்தபின் ஒரேயடியாக நெடுநேரம் படுப்பதைவிட, வேலைக்கு முன்னும் பின்னும் சிறிது சிறிதாகப் படுத்தெழுவது பலருக்கு நல்ல பயன் தருகிறது.

இரவு உறக்கத்துக்கு ஒரே நேரம் வைத்துக்கொள்வதும், மாலைக்குப் பின் காப்பி, தேநீரைத் தவிர்ப்பதும் நல்லது. வலியினால் உறக்கம் கெடுமானால் டாக்டரிடம் சொல்லி வலிக்கு மருந்து பெற வேண்டும். உணவில் தனிப் பத்தியம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஒரே வேளையில் வயிறு முட்ட உண்பதை விட்டுச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது சிலருக்கு இதம் தருகிறது. எழுந்து நின்றால் தலைசுற்றுபவர்கள் நிறைய நீரும் மோரும் பருகலாம். உப்பைச் சற்றுக் கூட்டிக்கொள்ளச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் அவரைக் கேளாமல் அதைச் செய்யலாகாது. பலம் தரும் லேகியம் என்றும், டானிக் என்றும், ஒரு மண்டலத்தில் குணம் என்றும் சொல்லி விற்பவர்களிடம் பணத்தை இழக்க வேண்டாம். நோயாளியின் வீட்டில் வரும்படி ஏற்கெனவே குறைந்திருக்கும்.

நோயின் போக்கைப் பற்றி உண்மையை மறைப்பதில் பயனில்லை. வயதுவந்தோருள் முற்றும் பழைய நிலைக்குத் திரும்புபவர்கள் மிகச் சிலர். ஓரளவு தேறுபவர்கள் அவர்களினும் அதிகம். இளம் பிள்ளைகள் தேறுவது இன்னும் அதிகம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்நோய் வரும்போது சோம்பேறி என்று அடித்து அனுப்பாமல், ஆசிரியரிடம் பேசி அரை நாள் படிப்பாகவோ வீட்டுப் படிப்பாகவோ மாற்றிக்கொள்ள வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பாவு கொடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே தவணை வைப்பது வழக்கம். நோயுற்ற அங்கத்தினருக்குச் சிறிய பாவாகக் கொடுத்துத் தவணையை நீட்டலாம். தறியில் அமர இயலாதவருக்குத் தார் சுற்றும் வேலையை, அதுவும் இத்தனை நாளில் இத்தனை என்ற நெருக்கடியின்றிக் கொடுக்கலாம். பயிர்த்தொழில் சங்கங்களில் நடவு, களையெடுப்புக் காலங்களில் அண்டை அயலார் மாற்றாள் வேலை செய்து கொடுப்பது பழைய முறைதானே. நிர்வாகக் குழுவினர் இதைக் கருணையாக எண்ண வேண்டியதில்லை. அவசரப்பட்டு வேலை வாங்கி ஒருவரை இரண்டு மாதம் படுக்கையில் தள்ளுவதைவிட, நாளுக்கு அரை மணி வேலை ஆண்டு முழுதும் கிடைப்பது சங்கத்துக்கும் லாபமே.

நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட அம்மையாரிடம் சென்ற தைத் திங்களில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டுத் தம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். காலையில் ஆறு தார், படுக்கை. பிற்பகல் சமையலுக்குக் காய், படுக்கை. மாலையில் நான்கு தார். ஏழு வாரமாக வீழ்ச்சி என்ற குறிப்பு அதில் இல்லை. ஏழாவது தாரைச் சுற்றுவதற்குக் கை துடிப்பதாகவும், அப்போதெல்லாம் மூத்த மகள் வந்து ராட்டையைத் தூக்கிப் பரணில் வைத்துவிடுவதாகவும் சொன்னார்.